குப்பத்தில் பிறந்த சங்கீதம்

(வாசகசாலை ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று இந்த மேடையில் சங்கீதத்தைப் பற்றிப் பேசும்படி எனக்கு உத்தரவாகியிருக்கிறது. எனக்குச் சங்கீத ஞானம் சிறிதும் கிடையாது. ஒருவர் ஒரு ராகத்தின் பெயரைச் சொல்லிப் பாடினால், அது அந்த ராகந்தானா என்று கண்டுபிடிக்கும் சக்தி எனக்கு இல்லை. ஆனால் ஒரு பாட்டை யார் உண்டாக்கினார்கள்? எந்த நிலையிலிருந்து உண்டாக்கினார்கள்? யார் அதை இழிவென்று சொன்னார்கள்? கடைசியில் அதனால் வந்த பணம் யார் பெட்டிக்குப் போயிற்று? இந்த நான்கு கேள்விகளைக் கேட்பதற்குச் சங்கீத ஞானம் வேண்டியதில்லை. சாதாரண அறிவு போதும். அந்த அறிவைக் கொண்டே ஜமெய்க்கா என்னும் தீவில் பிறந்த ஸ்கா, ரெகே என்கிற சங்கீதங்களைப் பற்றி இன்று பேச உத்தேசித்திருக்கிறேன்.

கூட்டத்துக்கு வரும் வழியில் ஒரு வாலிபத் தோழர் என்னை மடக்கிக் கொண்டார். "அய்யா, அந்தப் பாட்டுக்காரர்கள் ஒரு ராஜாவைக் கடவுள் என்று கும்பிடுகிறவர்களாம், சடை வளர்க்கிறவர்களாம், கஞ்சா குடிக்கிறவர்களாம். அவர்கள் பாட்டுக்கு நம் மேடையில் என்ன வேலை?" என்று கேட்டார். நல்ல கேள்வி. இப்படிக் கேட்கிறவர்கள் இருக்கிற வரையில் நமக்குப் பயமில்லை. அவருக்கு நான் வழியிலேயே பதில் சொல்லவில்லை. மேடையில் சொல்லுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆகவே என் பேச்சு முழுவதும் அவருக்குச் சொல்லும் பதில் என்றே வைத்துக் கொள்ளுங்கள்.

தோழர்களே! ஜமெய்க்கா என்பது அமெரிக்காக் கண்டத்துக்குப் பக்கத்தில் கரீபியன் கடலில் இருக்கிற ஒரு தீவு. 1655-ஆம் வருஷத்தில் வெள்ளைக்கார ஆங்கிலேயன் அதை ஸ்பெயின் தேசத்தானிடமிருந்து பிடுங்கிக் கொண்டான். அங்கே கரும்பு விளைந்தது. கரும்பு வெட்டவும், ஆலையில் சாறு பிழிந்து காய்ச்சவும் ஆள் வேண்டியிருந்தது. ஆப்பிரிக்காக் கண்டத்திலிருந்து மனிதர்களைச் சங்கிலி போட்டுக் கப்பலில் அடுக்கிக் கொண்டு வந்து, ஆடு மாடு போல் விற்றார்கள். அவர்கள் கூடிப் பறை கொட்டக்கூடாது, கொம்பு ஊதக்கூடாது என்று சட்டம் போட்டார்கள். காரணம் என்ன? பறைச் சத்தம் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குச் சேதி கொண்டு போகும். அடிமைகள் ஒன்று சேர்ந்து விடுவார்கள் என்கிற பயந்தான். மேளத்தைக் கண்டு எஜமானன் பயந்தான் என்றால், மேளத்துக்குள் ஏதோ இருந்தது என்றுதானே அர்த்தம்?

1833-இல் இங்கிலீஷ் பார்லிமெண்டில் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் செய்தார்கள். அந்தச் சட்டத்தில் 2 கோடி பவுன் நஷ்ட ஈடு ஒதுக்கப்பட்டது. யாருக்கு நஷ்ட ஈடு என்று நினைக்கிறீர்கள்? தலைமுறை தலைமுறையாகக் கூலியில்லாமல் உழைத்த அடிமைக்கா? இல்லை. "என் சொத்தாகிய அடிமையை நீ விடுதலை செய்துவிட்டாயே" என்று அழுத எஜமானனுக்கு! அடிமைக்கு ஒரு காசு கிடையாது. அதோடு 1834-இல் விடுதலை என்று சொல்லிவிட்டு, வேலை பழகும் காலம் என்று ஒரு பெயர் வைத்து 1838 வரையில் மறுபடியும் அதே தோட்டத்தில் சம்பளமில்லாமல் வேலை வாங்கினார்கள். அந்த நஷ்ட ஈட்டுக்காக இங்கிலீஷ் சர்க்கார் வாங்கிய கடன் பிற்காலக் கடன்களோடு கடனாகச் சேர்ந்து 2015-இல்தான் அடைந்து தீர்ந்தது. அதாவது ஜமெய்க்காவிலிருந்து இங்கிலாந்துக்குப் பிழைக்கப் போன கறுப்பர்களும், தங்கள் பாட்டனை வைத்திருந்த எஜமானனுக்குக் கொடுத்த பணத்துக்காக, தங்கள் வரியைக் கொடுத்து வந்திருக்கிறார்கள். இந்த அநியாயத்தின் பேரேட்டை மனத்தில் வைத்துக் கொண்டு மேலே கேளுங்கள்.

விடுதலையானவர்களில் பலர் மலையோரத்தில் துண்டு நிலம் பிடித்துப் பிழைத்தார்கள். மூங்கில் குழல், பாஞ்சோ என்னும் தந்தி வாத்தியம், பெட்டியில் இரும்புத் தகடுகளைப் பொருத்தி விரலால் மீட்டும் ஒரு வாத்தியம், இவற்றை வைத்துக் கொண்டு மெண்டோ என்று ஒரு பாட்டுப் பாடினார்கள். ஊர் வம்பு, கேலி, காதல், விலைவாசி எல்லாம் அதில் வரும். பிற்காலத்தில் நிலமில்லாதவர்கள் கிங்ஸ்டன் பட்டணத்துக்கு வந்து, தகரமும் பலகையும் சேர்த்துக் கட்டிய குப்பங்களில் குடியேறினார்கள். டிரெஞ்ச் டவுன் என்பது அப்படிப்பட்ட ஏழைகள் வாழ்ந்த பேட்டைகளில் ஒன்று.

இந்தக் குப்பத்து ஜனங்கள் பாட்டுக் கேட்பது எப்படி? ஓட்டலில் பெரிய மேளம் வாசிக்கும். அங்கே இவர்களுக்கு இடமில்லை. வீட்டில் ரேடியோ வாங்கக் காசில்லை. இதற்கு அவர்களே ஒரு வழி கண்டார்கள். அலமாரி உயரத்துக்கு ஒலிபெருக்கிப் பெட்டிகளைச் செய்து, வெட்டவெளியில் அடுக்கி, இசைத்தட்டு போட்டு, காசு கொடுத்து வருகிறவர்களை ஆடச் செய்தார்கள். இதற்கு சவுண்ட் சிஸ்டம் என்று பெயர். 1950-களில் இந்தத் தொழிலில் பலத்த போட்டி. டூக் ரீட் என்பவர் போலீஸ் உத்தியோகம் பார்த்துவிட்டு வந்தவர்; அவர் குடும்பத்துக்குச் சாராயக் கடை இருந்தது. காக்ஸன் டாட் என்பவர் அமெரிக்காவுக்குக் கூலி வேலைக்குப் போய், திரும்பும்போது இசைத்தட்டுகளைச் சுமந்து கொண்டு வந்தவர். அமெரிக்கக் கறுப்பர்களின் தட்டுகளைத்தான் அப்போது போட்டார்கள். எதிரிக்குத் தெரியக்கூடாது என்று, தட்டின் மேல் ஒட்டியிருக்கும் பெயர்ச் சீட்டைச் சுரண்டிவிடுவார்கள்! நம் ஊர் வைத்தியர் மருந்தின் பெயரை மறைப்பது போலத்தான்.

1950-களின் கடைசியில் அமெரிக்காவில் பாட்டின் போக்கு மாறிற்று. கிங்ஸ்டன் ஜனங்களுக்குப் பிடித்தமான தட்டுகள் வருவது குறைந்தது. "வெளியிலிருந்து வராவிட்டால் என்ன, நாமே செய்து கொள்வோம்" என்று துணிந்தார்கள். இதுதான் ஸ்கா பிறந்த காரணம். எந்தத் தேவனும் கனவில் வந்து சொல்லவில்லை. சரக்கு வரவில்லை; சொந்தத்தில் செய்தார்கள்; அவ்வளவுதான்.

அந்தத் தாளத்தின் சூட்சுமத்தை எனக்குத் தெரிந்த மட்டில் சொல்லுகிறேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று கை தட்டிக் கொண்டே எண்ணுங்கள். ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவில் ஒரு வெற்றிடம் இருக்கிறதல்லவா? பியானோவும் கிட்டாரும் அந்த வெற்றிடத்தில் 'சக்', 'சக்' என்று வெட்டி விழும். அதனால் உட்கார்ந்திருப்பவனுக்கும் தோள் தானாகக் குலுங்கும். இது ஸ்கா. 1966 வாக்கில் வேகம் தணிந்தது. அடித்தொனி கொடுக்கும் பேஸ் கிட்டார் முன்னுக்கு வந்தது. அதற்கு ராக் ஸ்டெடி என்று பெயர். 1968-இல் அது மேலும் மாறி ரெகே ஆயிற்று. டூட்ஸ் ஹிப்பர்ட் என்பவரின் மேட்டல்ஸ் கூட்டம் அந்த வருஷம் வெளியிட்ட ஒரு தட்டின் தலைப்பில்தான் அந்தப் பெயர் முதன்முதல் அச்சேறி எங்கும் பரவிற்று. ரெகேயில் ஒரு விசேஷம்: எல்லா மேளக்காரனும் பலமாக அடிக்கிற முதல் எண்ணிக்கையை அவர்கள் அடிக்காமலே விட்டு விடுவார்கள். மூன்றாவது எண்ணிக்கையில்தான் பெரிய மேளம் விழும். முதலிடத்தைக் காலியாக விட்டு நடுவில் அடிக்கிற துணிச்சல் அவர்களுடையது.

இனி இந்த வாத்தியக்காரர்கள் யார் என்று பாருங்கள். கிங்ஸ்டனில் ஆல்பா பள்ளிக்கூடம் என்று ஒன்று 1880-இல் ஏற்பட்டது. தாய் தகப்பன் இல்லாதவர்கள், திக்கற்றவர்கள், அடங்காதவர்கள் என்று பேர் வாங்கிய பையன்களுக்காகக் கிறிஸ்தவக் கன்னியாஸ்திரிகள் நடத்தியது. அங்கே தச்சு வேலை, தையல், அச்சு வேலை இவற்றோடு பாண்டு வாத்தியமும் கற்பித்தார்கள். மதத்தைப் பற்றி எனக்குள்ள அபிப்பிராயம் உங்களுக்குத் தெரியும். என்றாலும் செய்த நன்மையைச் செய்யவில்லை என்று சொல்லுவது யோக்கியமாகாது. அந்தப் பள்ளிக்கூடத்தில் சிஸ்டர் இக்னேஷியஸ் என்னும் அம்மையார் பையன்களுக்காக இசைத்தட்டுகளைச் சேர்த்து வைத்துப் போட்டுக் காட்டினார். டான் டிரம்மண்ட், டாமி மக்குக், ஜானி மூர், லெஸ்டர் ஸ்டெர்லிங் ஆகிய நால்வரும் அங்கே படித்தவர்கள். 1964-இல் ஸ்கடலைட்ஸ் என்ற பெயரில் சேர்ந்த மேளத்தின் முதுகெலும்பு இவர்களே. "உருப்படாதவன்" என்று ஊர் தள்ளின பையன்கள் ஒரு தேசத்துக்கே சங்கீதம் செய்து கொடுத்தார்கள். பிறவியில் யோக்கியதை இருக்கிறது என்று பேசுகிறவர்கள் இதற்கு என்ன சமாதானம் சொல்லுவார்கள்? கையில் ஒரு வாத்தியம், கற்றுக் கொடுக்க ஒரு வாத்தியார், பழக ஒரு இடம், இந்த மூன்றும் கிடைத்தால் போதும் என்பதுதானே இதிலிருந்து விளங்குகிறது?

1962 ஆகஸ்டு 6-ஆம் தேதி ஜமெய்க்காவுக்குச் சுதந்திரம் வந்தது. ஸ்காதான் அந்தச் சந்தோஷத்தின் சத்தம். ஆனால் என்ன நடந்தது? 1964-இல் நியூயார்க் பட்டணத்தில் உலகப் பொருட்காட்சி. "எங்கள் தேசத்து இசை" என்று ஸ்காவைக் காட்டச் சர்க்கார் ஆள் அனுப்பிற்று. பாட்டுக்காரர் சிலரைக் குப்பத்திலிருந்தே பொறுக்கி எடுத்தார்கள், அது மெய். ஆனால் பின்னால் வாசிக்க, பணக்காரர் வட்டாரத்தில் பெயரெடுத்த பைரன் லீயின் மேளத்தை அனுப்பினார்கள். அந்த இசையைத் தட்டுகளில் உண்டாக்கிய வாத்தியக்காரர்களான ஸ்கடலைட்ஸ் கூட்டத்தார் வீட்டில் இருந்தார்கள். பயிரிட்டவன் வரப்பில் நிற்க, அறுவடையை வேறொருவன் சந்தையில் காட்டினான்.

நிற்க. இந்தச் சங்கீதம் சுத்தமான ஆப்பிரிக்கச் சங்கீதமா என்று யாராவது கேட்டால், இல்லை என்று தைரியமாகச் சொல்லலாம். ஆப்பிரிக்க மேளம், அமெரிக்கக் கறுப்பர் பாட்டு, ஐரோப்பிய பாண்டு வாத்தியம், கியூபா, டிரினிடாட் தீவுகளின் மெட்டு எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. ஆரம்ப கால சவுண்ட் சிஸ்டங்களில் பேர் பெற்ற ஒன்றை நடத்திய டாம் வாங் சீன வம்சத்தவர். தட்டுப் பதிவு செய்யும் கம்பெனி வைத்த கென் கூரி லெபனான் வம்சத்தவர். பாப் மார்லி என்னும் பெயர் பெற்ற பாடகனின் முதல் தட்டை 1962-இல் பதிவு செய்தவர் லெஸ்லி காங் என்கிற சீன வம்சத்து வியாபாரி. ராக் ஸ்டெடிக்கு உருக் கொடுத்த கிட்டார் வாசிப்புக்காரர் லின் டைட், டிரினிடாடில் எண்ணெய்ப் பீப்பாயில் செய்த மேளம் வாசித்துவிட்டு வந்தவர். அந்த மார்லியே வெள்ளைக்காரத் தகப்பனுக்கும் கறுப்புத் தாய்க்கும் பிறந்தவர். கலந்ததனால் அந்த இசை கெட்டுப் போகவில்லை, கலந்ததனாலேயே பிறந்தது. கலப்பு என்றாலே தீட்டு என்று பயப்படுகிறவர்கள் இதை நன்றாய்க் கவனிக்க வேண்டும்.

இந்தக் கலப்பில் நம்மவருக்கும் பங்கு உண்டு. அடிமைகள் விடுதலையான பிறகு, குறைந்த கூலிக்கு ஆள் வேண்டுமென்று வெள்ளைக்காரன் இந்தியாவுக்கு வந்தான். 1845 முதல் சுமார் 70 வருஷ காலத்தில் ஒப்பந்தக் கூலிகளாக ஜமெய்க்காவுக்கு 36,000 பேருக்கு மேலும், டிரினிடாடுக்குச் சுமார் 1,44,000 பேரும் கப்பலேறினார்கள். பெரும்பாலோர் வடநாட்டார், சென்னைத் துறைமுகத்திலிருந்து போனவர்களும் உண்டு. பிரெஞ்சுக்காரனுடைய மார்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்குப் புதுச்சேரி, காரைக்கால் வழியாகத் தமிழர்கள் போனார்கள். இங்கே எந்த மேளத்தைத் தொட்டால் தீட்டு என்றார்களோ, அந்தத் தப்பு அங்கே கடல் தாண்டிப் போய் இன்றும் ஒலிக்கிறது. ஜமெய்க்காவில் நம்மவர் விட்டு வந்த அடையாளம் ஒன்று உண்டு; சொல்ல வெட்கமாயிருந்தாலும் சொல்லுகிறேன். கஞ்சா என்கிற சொல்! அந்தச் செடியையும் பெயரையும் பழக்கத்தையும் அங்கே பரப்பியவர்கள் இந்தியக் கூலிகள். ஆகவே வாலிபத் தோழர் "கஞ்சா குடிக்கிறவர்கள்" என்று அவர்களை மட்டும் ஏசுவதில் நியாயமில்லை. ஏசுவதானால் நம்மையும் சேர்த்து ஏச வேண்டும். அதற்காகக் கஞ்சாவை நான் சிபார்சு செய்வதாக யாரும் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.

டிரினிடாடில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். அங்கே கறுப்பர்களின் பாட்டு கலிப்சோ. 1970-களின் முதலில் லார்டு ஷார்ட்டி என்னும் கறுப்பர், இந்தியக் கூலிகளின் டோலக்கு மேளத்தையும் தாளத்தையும் கலிப்சோவில் சேர்த்து சோகா என்னும் புது இசையை உண்டாக்கினார். "கலிப்சோவைக் கெடுத்துவிட்டான்" என்று அவர் இனத்தாரே அவரைத் திட்டினார்கள். பிறகு 1987-இல் துருபதி ராம்கூனாய் என்னும் இந்திய வம்சத்துப் பெண், கலியாண வீட்டில் பெண்கள் பாடிய சட்னி என்னும் பாட்டைச் சோகாவோடு சேர்த்துப் பலர் அறிய மேடையில் பாடினார். உடனே ஹிந்து மதப் பெரியவர்கள் என்போருக்குக் கோபம் வந்தது. ஒரு ஹிந்துப் பெண் மேடையேறிக் கறுப்பர்களோடு சேர்ந்து பாடுவதா, ஆடுவதா என்று பத்திரிகைகளில் கண்டித்தார்கள். அந்த அம்மாள் நிறுத்தவில்லை. மறு வருஷமும் தட்டு வெளியிட்டார். அது தீவெங்கும் பாடிற்று. இன்று சட்னி சோகா என்பது அங்கே பெரிய விழா எடுத்துப் போட்டி வைக்கிற இசையாகி விட்டது. கண்டித்தவர்களின் பெயர் யாருக்கு ஞாபகமிருக்கிறது?

இனி வாலிபத் தோழரின் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். ராஜாவைக் கடவுள் என்று நம்பினது மெய்தானா? மெய்தான். 1930 நவம்பரில் எத்தியோப்பியா தேசத்தில் ஹெய்லி செலாசி என்பவர் சக்கரவர்த்தியாக முடி சூட்டிக் கொண்டார். "கடவுள் வெள்ளைக்காரன், தேவதூதர் வெள்ளைக்காரர், பிசாசு மட்டும் கறுப்பு" என்று பாதிரி சொல்லக் கேட்டுக் கேட்டு மனம் புண்பட்டிருந்த ஜமெய்க்கா ஏழைகளில் சிலர், "இதோ ஒரு கறுப்பு ராஜா! இவரே நம் கடவுள்" என்று சொல்லிக் கொண்டார்கள். இவர்கள் ராஸ்தபாரிகள். லியோனார்ட் ஹவல் என்கிற இவர்களுடைய முதல் தலைவர்களில் ஒருவரை 1934-இல் ராஜத்துரோகத்துக்காகச் சிறையில் போட்டார்கள். 1963-இல், சுதந்திரம் வந்த மறு வருஷமே, கோரல் கார்டன்ஸ் என்னுமிடத்தில் நடந்த ஒரு கலவரத்தைக் காரணமாக வைத்துப் போலீசும் பட்டாளமும் கண்ட கண்ட ராஸ்தபாரிகளையெல்லாம் பிடித்து அடித்தார்கள். அதற்கு ஜமெய்க்கா சர்க்கார் மன்னிப்புக் கேட்டது 2017-இல்!

இவர்களுடைய மேளம் கீழ்த்தரமானது என்று அன்று மரியாதையுள்ள மேடைகளில் இடங் கொடுக்க மாட்டார்கள். மார்கரிட்டா என்னும் ஆட்டக்காரப் பெண், "கவுண்ட் ஆஸியின் மேளம் வாசித்தால்தான் நான் ஆடுவேன்" என்று பிடிவாதம் செய்து அவர்களை மேடையேற்றினாள் என்று அக்காலத்தவர் சொல்லியிருக்கிறார்கள். அதே ஆஸியின் மேளத்தை வைத்து பிரின்ஸ் பஸ்டர் என்பவர் 1960-இல் போக்ஸ் சகோதரர்கள் பாடிய "ஓ கரோலினா" என்ற தட்டைப் பதிவு செய்தார். குப்பத்து மேளம் கடைத்தெருவுக்கு வந்தது.

ஆனால் உண்மையை முழுவதும் சொல்ல வேண்டுமல்லவா? அவர்கள் கடவுள் என்று கும்பிட்ட சக்கரவர்த்தியின் தேசத்தில் அடிமை முறை சட்டப்படி முழுதும் ஒழிந்தது 1942-இல்தான். அதாவது ஜமெய்க்காவில் ஒழிந்து நூறு வருஷம் சென்ற பின்பு. 1973-இல் அவருடைய தேசத்தில் உல்லோ மாகாணத்தில் ஜனங்கள் பஞ்சத்தால் ஆயிரக்கணக்கில் மாண்டபோது அதை வெளியில் தெரியாமல் மறைத்தார்கள். 1974-இல் அவருடைய பட்டாளமே அவரைச் சிங்காதனத்திலிருந்து இறக்கிற்று; மறு வருஷம் மாண்டு போனார். கடவுளை ஒரு பட்டாளம் மோட்டாரில் ஏற்றிக் கொண்டு போய்விட்டது! இதற்கு மேல் நான் வியாக்கியானம் செய்ய வேண்டியதில்லை. பாப் மார்லிக்குக் கால் விரலில் புற்றுநோய் கண்டபோது, விரலை எடுத்துவிட வேண்டும் என்று வைத்தியர்கள் சொன்னார்கள். தம் மதத்தைச் சொல்லி மறுத்துவிட்டார். 1981 மே மாதம் 11-ஆம் தேதி, 36-ஆவது வயதில் இறந்தார். அவர் பாட்டைக் கேட்டு எத்தனையோ பேர் மானம் பெற்றார்கள். அவர் நம்பிக்கையோ அவருக்கு உதவவில்லை. தவிரவும், அந்த மதத்தில் பெண்களை ஆணுக்கு அடங்கி நிற்கச் சொன்னார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. முன்னே சொன்ன டான் டிரம்மண்ட் என்னும் மேதை 1965 ஜனவரியில் அதே மார்கரிட்டாவைக் கத்தியால் குத்திக் கொன்றார். அவரைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் வைத்தார்கள். 1969-இல் அங்கேயே செத்தார். அவர் ஊதிய டிராம்போனைப் புகழ்கிறவர்கள் அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லாமல் விடுவது அநியாயம். அதற்காகவே இரண்டு தடவை அவள் பெயரை இங்கே சொன்னேன்.

அப்படியானால் அந்தப் பாட்டைத் தள்ளிவிடுவதா? கூடாது என்கிறேன். ஏனெனில், அவர்கள் மருந்தென்று எடுத்துக் கொண்டது தப்பாயிருக்கலாம்; அவர்களுக்கிருந்த நோவு தப்பல்ல. "நீ கறுப்பன், உன் மூக்கு இழிவு, உன் மயிர் இழிவு, உன் மேளம் இழிவு" என்று முந்நூறு வருஷம் சொன்னவனுக்கு, "எதுவும் இழிவில்லை" என்று பதில் சொன்ன பாட்டு அது. மார்க்கஸ் கார்வே என்ற ஜமெய்க்காத் தலைவர் 1937-இல் கனடா தேசத்தில் ஒரு பிரசங்கம் செய்தார். கால் விலங்கைப் பிறர் கழற்றலாம். மனத்தின் விலங்கை அவனவன் அறிவுதான் கழற்ற வேண்டும் என்பது அதன் சாரம். அந்தக் கருத்தை, ஏறக்குறைய அவர் சொன்ன சொற்களிலேயே, மார்லி 1980-இல் வெளியிட்ட தமது பாட்டில் வைத்தார். ராஜாவைக் கும்பிட்டவர் பாடியதாயினும் அந்தக் கருத்துக்கு ராஜாவும் வேண்டாம், கடவுளும் வேண்டாம். அது தானே நிற்கும். நெல்லில் உமி இருக்கிறது என்று நெல்லை யாரும் குப்பையில் கொட்டுவதில்லை. குத்திப் புடைத்துத்தான் சோறாக்குகிறோம்.

பாட்டினால் எல்லாம் ஆகிவிடும் என்றும் நான் சொல்ல வரவில்லை. 1970-களில் ஜமெய்க்காவில் இரண்டு கட்சிகளும் குப்பத்து வாலிபர்களுக்குத் துப்பாக்கி கொடுத்து ஒருவரையொருவர் சுடச் செய்தன. 1978 ஏப்ரல் 22-ஆம் தேதி கிங்ஸ்டனில் சமாதானக் கச்சேரி ஒன்று நடந்தது. பிரதம மந்திரி மான்லியையும் எதிர்க்கட்சித் தலைவர் சியாகாவையும் மார்லி மேடைக்கு இழுத்து வந்து, இருவர் கையையும் சேர்த்துப் பிடித்துத் தூக்கினார். படம் உலகமெல்லாம் போயிற்று. ஆனால் அந்தச் சமாதானத்துக்கு முன்னின்ற இரு கட்சிச் சண்டியர்களும் 1980 முடிவதற்குள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த வருஷத் தேர்தலில் நூற்றுக்கணக்கான பேர் மாண்டார்கள். கையைச் சேர்த்துப் பிடித்தால் மட்டும் போதாது. கையில் துப்பாக்கி கொடுத்தவனைக் கேள்வி கேட்க வேண்டும்.

கடைசிக் கேள்வி பணத்தைப் பற்றியது. ஆரம்ப காலத்தில் பாடகனுக்கு ஒரு சொற்பத் தொகையைக் கொடுத்துவிட்டு, தட்டு எத்தனை விற்றாலும் லாபத்தை முதலாளி எடுத்துக் கொள்வான். 1972-இல் ஜமெய்க்காவிலேயே எடுத்த "தி ஹார்டர் தே கம்" என்னும் சினிமாவில், பாட்டுக்கு 20 டாலர் என்று முதலாளி நீட்ட, வேறு வழியின்றிப் பாடகன் கையெழுத்துப் போடுகிறான். அது கதை, நடந்ததும் ஏறக்குறைய அப்படித்தான். முன்னே சொன்ன "ஓ கரோலினா" பாட்டை 1993-இல் ஷாகி என்பவர் மறுபடியும் பாடி, அது இங்கிலாந்தில் முதலிடம் பெற்றது. பாட்டை எழுதியவர் யார் என்று லண்டன் கோர்ட்டில் வழக்கு நடந்தது. 1994-இல், எழுதியவர் ஜான் போக்ஸ்தான் என்று தீர்ப்பாயிற்று. தன் பாட்டு தன்னுடையது என்று நிரூபிக்க ஒரு மனிதனுக்கு முப்பது வருஷத்துக்கு மேலாயிற்று. எஜமானனுக்கு நஷ்ட ஈடு கொடுக்கப் பார்லிமெண்டுக்கு எத்தனை நாள் பிடித்தது என்பதை இதோடு ஒத்துப் பாருங்கள்.

இந்த இசை தன் தீவோடு நிற்கவில்லை. 1948 முதல் கப்பல் கப்பலாக இங்கிலாந்துக்குப் பிழைக்கப் போனவர்கள் தட்டுகளையும் கொண்டு போனார்கள். வாடகைக்கு வீடு கேட்டால் "கறுப்பனுக்கு இல்லை" என்று கதவில் எழுதிப் போட்ட தேசம் அது. அந்தத் தேசத்திலேயே 1979-இல் கவெண்ட்ரி என்னும் மோட்டார்த் தொழிற்சாலை ஊரில் வெள்ளை வாலிபரும் கறுப்பு வாலிபரும் ஒரே மேடையில் நின்று ஸ்கா வாசித்தார்கள். கறுப்பும் வெள்ளையும் கட்டம் கட்டமாகப் போட்டதே அவர்களுடைய சின்னம். அந்தக் கூட்டத்தார் வேலையில்லாக் கொடுமையைப் பற்றிப் பாடிய ஒரு தட்டு 1981 ஜூலையில், ஊர் ஊராகக் கலகம் நடந்து கொண்டிருந்தபோதே, முதலிடத்தில் இருந்தது. கிங்ஸ்டனிலிருந்து சிறு வயதில் அமெரிக்கா போன கிளைவ் காம்பெல் என்ற வாலிபர் 1973-இல் நியூயார்க்கில் தம் சவுண்ட் சிஸ்டத்தை வைத்து நடத்திய ஆட்டந்தான், இன்று உலகெங்கும் பேசப்படும் ஹிப் ஹாப்புக்கு ஆரம்பம் என்கிறார்கள். கடைசியில் 2018 நவம்பரில் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ சபை, ரெகே மனித சமூகத்தின் பொதுச் சொத்து என்று தன் பட்டியலில் எழுதிக் கொண்டது. சங்கீதம் அதே சங்கீதந்தான். மாறினது கேட்டவர்களுடைய புத்தி.

ஆகவே, தோழர்களே! நான் உங்களுக்குச் சொல்லிக் கொள்வது இதுதான். யாரையும் கடவுளாக்காதீர்கள், பாட்டுக்காரனையும் ஆக்காதீர்கள். அவனிடமுள்ள குற்றத்தைக் குற்றமென்று சொல்லுங்கள். அதே சமயத்தில், ஒரு சத்தம் குப்பத்திலிருந்து வருகிறது என்பதற்காகக் காதைப் பொத்திக் கொள்ளாதீர்கள். அதை யார் செய்தார்கள், கூலி கிடைத்ததா என்று விசாரியுங்கள். நமது ஊரில் எந்த மேளம் எந்தத் தெருவில் நிற்கிறது, அதை அடிக்கிறவனுக்குத் திண்ணையில் இடமுண்டா என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் நீங்களே பார்த்துக் கொண்டு போங்கள்.

நான் சொன்னவற்றையும் நான் சொன்னேன் என்பதற்காக நம்பிவிட வேண்டாம். யோசித்துப் பார்த்து, சரியென்று பட்டதை வைத்துக் கொண்டு மற்றதைத் தள்ளிவிடுங்கள்.